மாடல் எஞ்சின் பிடிக்கலையா? பற்றவைப்பு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாடல் விமானத்தில் மாட்டும் எஞ்சினோ, வீட்டு லேத்தில் கடைந்து செய்த ஒற்றை சிலிண்டர் எஞ்சினோ, எதுவானாலும் புலம்பல் ஒன்றுதான்: "சுத்துறேன், சுத்துறேன், பிடிக்க மாட்டேங்குது." அதிலிருந்து கிளைக்கும் கேள்விகளை, கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறேன். எளிதானவை முதலில், தலையைச் சொறிய வைப்பவை பின்னால்.

எஞ்சின் ஸ்டார்ட்டே ஆகலை. கரண்ட் பிரச்சினையா, பெட்ரோல் பிரச்சினையான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

முதலில் கார்புரேட்டர் நீடிலில் (எரிபொருள் அளவைக் கூட்டிக் குறைக்கும் ஊசித் திருகு) இருந்து கையை எடுங்கள். எஞ்சின் பிடிக்காவிட்டால் எல்லோர் கையும் அங்கேதான் போகிறது. நெருப்பே இல்லாத எஞ்சினில் நீடிலைத் திருகினால், கரண்ட் கோளாறு சரியான பிறகும் எஞ்சின் ஓடாது. ஒன்றாக இருந்த கோளாறு இரண்டாகியிருக்கும்.

கார்புரேட்டர் வாயில் இரண்டு மூன்று சொட்டு எரிபொருள் விட்டுச் சுற்றிப் பாருங்கள். இரண்டு வினாடி படபடவென்று ஓடி நின்றால் நெருப்பு இருக்கிறது, எரிபொருள்தான் வந்து சேரவில்லை. டேங்க், குழாய், நீடில் பக்கம் போகலாம். ஒரு வெடிப்புகூட இல்லையென்றால் பிளக்கைக் கழற்றுங்கள். முனை சொட்டச் சொட்ட நனைந்திருந்தால் எரிபொருள் வந்திருக்கிறது, பற்றவில்லை.

இன்னொன்று, பிளக் துளையை விரலால் அடைத்துக்கொண்டு சுற்றும்போது விரலைத் தள்ள வேண்டும். தள்ளவில்லை என்றால் கம்ப்ரெஷன் (அமுக்கம்) இல்லை. அதைச் சரிசெய்யாமல் கீழே சொல்லும் எதையும் செய்து பயனில்லை.

என் எஞ்சின்ல வயரே இல்லையே, அப்புறம் எப்படிப் பத்துது?

மாடல் எஞ்சின்கள் மூன்று வகையாகப் பற்றுகின்றன. பழையது ஸ்பார்க் வகை: பேட்டரி, மின்னழுத்தத்தை ஏற்றும் காயில், உரிய நேரத்தில் மின்சாரத்தைத் துண்டிக்கும் பாயிண்ட், அதற்குத் துணையான கண்டன்சர் எல்லாம் கூடவே பறக்க வேண்டும். அந்தச் சுமையை 1947-இல் அமெரிக்காவில் ரே ஆர்டன் விற்பனைக்குக் கொண்டுவந்த க்ளோ பிளக் ஒழித்தது. அதற்குள் பிளாட்டினம் கலந்த கம்பிச் சுருள் இருக்கும். பேட்டரியால் ஒருமுறை சூடாக்கிவிட்டால், மெத்தனால் ஆவி பிளாட்டினத்தின் மேல் பட்டு வினைபுரியும் சூட்டிலும் ஒவ்வொரு சுற்றில் எரியும் சூட்டிலும் சுருள் தொடர்ந்து கனன்றுகொண்டிருக்கும். பேட்டரியைக் கழற்றிவிடலாம். உங்களுடையது பெரும்பாலும் இந்த வகை.

மூன்றாவது மாடல் டீசல். அதில் பிளக்கே கிடையாது, அமுக்கத்தின் சூட்டிலேயே எரிபொருள் பற்றும். பெட்ரோலில் ஓடும் இன்றைய பெரிய மாடல் எஞ்சின்கள் மறுபடி ஸ்பார்க்குக்கே திரும்பிவிட்டன. பாயிண்ட் இருந்த இடத்தில் இப்போது சி.டி.ஐ. என்ற சின்ன மின்னணுப் பெட்டி.

க்ளோ பிளக்கை வெளியே வெச்சுப் பார்த்தா எரியுது. எஞ்சின்ல மாட்டினா ஒண்ணும் இல்லை. ஏன்?

எந்த நிறத்தில் எரிகிறது என்று பாருங்கள். பளிச்சென்ற ஆரஞ்சு என்றால் சரி. மங்கிய சிவப்பு போதாது, கண்ணுக்கு எரிவதுபோலத் தெரியும், எஞ்சினைப் பிடிக்க வைக்காது. வெள்ளையாக எரிந்தால் மின்னழுத்தம் அதிகம், சுருள் அறுந்துபோகும். சுருளின் எல்லா வளையமும் எரிகிறதா என்றும் பாருங்கள். மேல் இரண்டு வளையம் மட்டும் எரிந்தால் வளையங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கலாம்.

நிறம் சரியாக இருந்தும் பிடிக்கவில்லை என்றால், அநேகமாக எஞ்சின் ஃப்ளட் ஆகியிருக்கும், அதாவது உள்ளே எரிபொருள் அதிகமாகத் தேங்கியிருக்கும். திரவமாக வந்து விழும் எரிபொருள் சுருளைக் குளிர வைத்துவிடும். க்ளோ டிரைவரில் (பிளக்கைச் சூடாக்கும் பேட்டரிக் கருவி) ஆம்பியர் முள் இருந்தால் இதைக் கழற்றாமலே கண்டுபிடிக்கலாம். குளிர்ந்த சுருளின் மின்தடை குறைவு, அதனால் முள் வழக்கத்தைவிட மேலே நிற்கும். முள் அசையவே இல்லை என்றால் சுருள் அறுந்திருக்கிறது, அல்லது கிளிப் பிடிக்கவில்லை. ஃப்ளட் ஆன எஞ்சினைத் தலைகீழாகப் பிடித்து, பிளக்கைக் கழற்றிவிட்டு, நாலைந்து முறை சுற்றி வடியவிடுங்கள். பிளக்கோடு ஸ்டார்ட்டர் மோட்டாரை வைத்து அழுத்தாதீர்கள். திரவத்தை அமுக்க முடியாது, கனெக்டிங் ராடுதான் வளையும்.

ஏஏ பேட்டரி ஒண்ணு 1.5 வோல்ட் தானே? அதைக் கொடுத்தா போதாதா?

வோல்ட் சரி, ஆம்பியர் போதாது. க்ளோ பிளக் ஏறக்குறைய 3 ஆம்பியர் இழுக்கும். சாதாரண ஏஏ செல் அந்தச் சுமையில் உடனே தொய்ந்துவிடும். பெரிய அளவு 1.2 வோல்ட் ரீசார்ஜ் செல் இதற்கு நன்றாக உழைக்கும்.

வயரையும் கவனியுங்கள். மெல்லிய வயரும் துருப்பிடித்த கிளிப்பும் சேர்ந்து 0.1 ஓம் தடை கொடுத்தாலே போதும், 3 ஆம்பியரில் 0.3 வோல்ட் வழியிலேயே போய்விடும். 1.2 வோல்ட்டில் 0.3 போனால் மிச்சம் என்ன? மேலே சொன்ன மங்கிய சிவப்புதான். மல்டிமீட்டரை பேட்டரி முனையில் வைக்காமல், பிளக் எரிந்துகொண்டிருக்கும்போது பிளக்கிலேயே வைத்து அளந்து பாருங்கள்.

பேட்டரியை எடுத்த உடனே எஞ்சின் நின்னுடுது. பிளக் போச்சா?

போயிருக்கலாம். புதுச் சுருள் பளபளக்கும். பழசானால் வெளிறி, சொரசொரப்பாகி, பிளாட்டினத்தின் வினையூக்கும் குணம் குறைந்துவிடும். பேட்டரி கொடுத்தால் எரியும், தானாகக் கனல் பிடித்து நிற்காது. அதனால் "எரியுதே, நல்லாத்தான் இருக்கு" என்ற வாதம் இங்கே செல்லாது. புதுப் பிளக் ஒன்று மாட்டிப் பார்ப்பதுதான் மலிவான சோதனை.

புதுசிலும் நின்றால் கலவை ரிச்சாக (எரிபொருள் கூடுதலாக) இருக்கிறது, அல்லது அந்த எஞ்சினுக்குப் பிளக் 'கோல்டு' ரகம் (சூட்டைக் குறைவாகத் தக்கவைப்பது). ஒரு படி 'ஹாட்' ரகம் போடுங்கள். ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினில் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் சுருளுக்குச் சூடு கிடைக்கிறது, அதற்கென்றே விற்கும் பிளக்கைத்தான் போட வேண்டும்.

க்ளோ பிளக் அடிக்கடி போகுது. மட்டமான கம்பெனியா?

கம்பெனியைத் திட்டுவதற்கு முன், போன பிளக்கை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பாருங்கள். சுருள் நசுங்கி ஒருபக்கம் சாய்ந்திருந்தால் கலவை லீனாகி (எரிபொருள் குறைந்து) எஞ்சின் முன்கூட்டியே வெடித்திருக்கிறது, அல்லது கம்ப்ரெஷன் அதிகம். நீடிலை ரிச் பக்கம் திறங்கள். நைட்ரோ (நைட்ரோமீத்தேன்) அதிகமான எரிபொருளுக்கு மாறியிருந்தால் சிலிண்டர் தலைக்கு அடியில் இன்னொரு ஷிம் (மெல்லிய வளையத் தகடு) வைக்க வேண்டியிருக்கும்.

சுருளில் உலோகத் துணுக்குகள் ஒட்டியிருந்தால் பிளக்கின் தப்பு இல்லை. பேரிங்கோ வேறெதுவோ உள்ளே தேய்ந்து உதிர்கிறது. எஞ்சினைப் பிரிக்கும் நேரம் வந்துவிட்டது. பிளக்கின் செம்பு வாஷரைத் தொலைத்துவிட்டு அப்படியே மாட்டுபவர்களும் உண்டு. அமுக்கம் அங்கே கசியும், பிளக் ஒரு வாஷர் கனம் கீழே இறங்கும்.

மெத்தனால் கிடைக்கலை. க்ளோ எஞ்சின்ல பெட்ரோல் ஊத்தினா ஓடாதா?

ஓடாது. இரண்டாவது கேள்வியில் சொன்ன அந்த வினை மெத்தனாலுக்கும் பிளாட்டினத்துக்கும் இடையில் நடப்பது. சாதாரண க்ளோ பிளக்கில் பெட்ரோல் அப்படி நிற்காது.

தமிழ்நாட்டில் மெத்தனாலை வாங்கவும் வைத்திருக்கவும் உரிமம் வேண்டும். கள்ளச்சாராயச் சாவுகளுக்குக் காரணமான அதே பொருள்தான், கெடுபிடிக்குக் காரணம் இருக்கிறது. தோல் வழியாகவும் உடலில் ஏறும். பகல் வெளிச்சத்தில் அதன் தீ கண்ணுக்கே தெரியாது என்பதையும் மறக்க வேண்டாம்.

மாடல் டீசல் வாங்கியிருக்கேன். பங்க்ல டீசல் பிடிச்சு ஊத்தலாமா?

கூடாது. இதன் எரிபொருள் ஈதர், மண்ணெண்ணெய், விளக்கெண்ணெய் ஆகிய மூன்றும் ஏறக்குறைய சமமாகக் கலந்தது. பற்றுவது ஈதரால்தான். டப்பா மூடி சரியாக இறுகாமல் சில வாரம் கிடந்தால் ஈதர் பறந்துபோய் மற்ற இரண்டும்தான் மிஞ்சும். நேற்றுவரை ஓடியது இன்று பிடிக்கவில்லை என்றால் முதலில் டப்பாவைச் சந்தேகப்படுங்கள்.

இதில் டைமிங் (எரிபொருள் பற்றும் நேரம்) என்பது தலையில் இருக்கும் கம்ப்ரெஷன் திருகுதான். இறுக்கம் போதாவிட்டால் விட்டுவிட்டு வெடிக்கும். அதிகமானால் எஞ்சின் திணறி, சூடேறி, உள்ளே யாரோ சுத்தியலால் தட்டுவதுபோல் சத்தம் வரும். கால் சுற்றுக்கும் குறைவாகத் திருகி, கேட்டு, அப்புறம் திருகுங்கள்.

ஸ்பார்க் எஞ்சின்ல கரண்ட் வருதான்னு பாக்கச் சரியான முறை எது?

பிளக்கைக் கழற்றி, வயரை அதில் மாட்டி, பிளக்கின் உடம்பு எஞ்சின் தலையில் நன்றாகப் படும்படி வையுங்கள். காப்பிட்ட பிளையரால் பிடித்துக்கொண்டு, அறையைக் கொஞ்சம் இருட்டாக்கிச் சுற்றுங்கள். பிளக் துளைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், உள்ளிருந்து வரும் ஆவி பற்றிக்கொள்ளும். சொட்டு விட்ட எரிபொருளையும் முதலில் துடைத்துவிடுங்கள்.

இருட்டில் பார்ப்பதில் இன்னொரு ஆதாயம் உண்டு. பிளக்கில் பொறி வராமல், வயரில் எங்கோ நடுவில் நூல்போல் நீலமாக ஒன்று எஞ்சின் உடம்புக்குத் தாவுவது தெரியும். காப்பு வெடித்த இடம் அதுதான். பகலில் எத்தனை முறை தடவிப் பார்த்தாலும் அகப்படாது.

வெளியே நீலமா அருமையாப் பொறி வருது. உள்ளே மாட்டினா செத்துப்போகுது. இது என்ன மாயம்?

மாயம் இல்லை, அழுத்தம். அமுக்கப்பட்ட காற்றில் பொறி தாவச் சாதாரணக் காற்றில் தேவைப்படுவதைவிடப் பல மடங்கு வோல்ட் வேண்டும். பிளக் இடைவெளி அரை மில்லிமீட்டர்தானே, வெளியில் அதைத் தாண்ட நோஞ்சான் காயிலாலும் முடியும். அதனால் முந்தைய கேள்வியில் சொன்ன சோதனையில் தோற்றால் கோளாறு உறுதி. ஜெயித்தால் எதுவும் உறுதி இல்லை.

பாயிண்ட், காயில் வகைக்குச் சரியான சோதனை, வயர் முனையை எஞ்சின் உடம்பிலிருந்து 5 மில்லிமீட்டர் தள்ளி நிறுத்திப் பார்ப்பது. திறந்த காற்றில் அதைத் தாண்டினால் உள்ளேயும் வேலை செய்யும் என்று நம்பலாம். தாண்டாவிட்டால் பேட்டரி, பாயிண்ட், கண்டன்சர், காயில் என்ற வரிசையில் போங்கள். பிளக் இடைவெளி அகன்றுபோய்க் கிடக்கிறதா என்று ஃபீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) பார்க்கவும் மறக்க வேண்டாம். சி.டி.ஐ. பெட்டியில் மட்டும் இந்தச் சோதனை கூடாது, காரணம் கீழே வருகிறது.

பாயிண்ட் கருகிக்கிட்டே இருக்கு. தேய்ச்சா ஒரு நாள் ஓடுது, மறுபடி அதே கதை.

பாயிண்ட் திறக்கும் கணத்தில் காயிலின் முதல் கம்பிச் சுருளில் 200, 300 வோல்ட் எழும்பும். கண்டன்சர் அதை வாங்கிக்கொள்வதால்தான் பாயிண்ட் இடையே பொறி தாவாமல் மின்னோட்டம் சட்டென்று அறுகிறது. சட்டென்று அறுந்தால்தான் காயிலின் இரண்டாம் கம்பிச் சுருளில் பிளக்குக்கு வேண்டிய ஆயிரக்கணக்கான வோல்ட் கிடைக்கும். கண்டன்சர் செத்திருந்தால் பொறி பிளக்கில் வராமல் பாயிண்டில் வரும். எஞ்சினைச் சுற்றும்போது பாயிண்ட் இடையே கொழுத்த பொறி தெரிந்தால் வேறு சோதனையே வேண்டாம்.

சந்தேகம் இருந்தால் பாயிண்ட் முகங்களைப் பாருங்கள். ஒன்றில் குட்டி மேடும் எதிரே அதற்கேற்ற பள்ளமும் விழுந்திருந்தால் கண்டன்சரின் அளவு பொருந்தவில்லை. 0.2 மைக்ரோஃபாரட் சுற்றுவட்டாரத்தில், 400 வோல்ட்டுக்குக் குறையாத ஃபிலிம் கண்டன்சர் ஒன்றை மின்னணுக் கடையில் வாங்கிப் பாயிண்டுக்குக் குறுக்கே போட்டுப் பாருங்கள். குறைந்த வோல்ட் கண்டன்சர் முதல் நாளிலேயே உள்ளே ஷார்ட் ஆகிவிடும். ஷார்ட் ஆனால் பாயிண்ட் திறந்தும் திறக்காத மாதிரிதான், பொறி அறவே வராது.

தேய்ப்பதிலும் ஒரு விஷயம். எமரி பேப்பர் வேண்டாம், அதன் துகள் முகத்தில் பதிந்து மறுபடி கருக வைக்கும். நைசான அரம் அல்லது எண்ணெய்க்கல் போதும். அப்புறம் விசிட்டிங் கார்டைப் பட்டையாக வெட்டி, மூடிய பாயிண்ட் நடுவே வைத்து இழுங்கள். முதல் இழுப்பில் கறுப்புக் கோடு விழும், இழுக்க இழுக்க மங்கும். கோடு விழாத வரை இழுக்க வேண்டும். புதுப் பாயிண்டுக்கும் இதைச் செய்யுங்கள், டப்பாவில் கிடந்தே முகத்தில் படலம் பிடித்திருக்கும். பாயிண்ட் இடைவெளிக்குத் தயாரிப்பாளர் சொன்ன எண் இருந்தால் அதுதான். இல்லையென்றால் 0.3 முதல் 0.4 மில்லிமீட்டரில் ஆரம்பியுங்கள்.

காயில் போச்சு. பழைய பைக் காயில் ஒண்ணு கிடக்கு, போடலாமா?

எந்த பைக் என்பதைப் பொறுத்தது. பாயிண்ட் இருந்த காலத்து புல்லட்டின் பேட்டரி காயில் என்றால் தாராளமாகப் போடலாம், கனத்தை விமானம் தாங்காது என்பதால் மேஜைமேல் ஓடும் எஞ்சினுக்கு. சி.டி.ஐ. பைக்கின் காயில் பார்க்க அழகாகச் சின்னதாக இருக்கும், ஆனால் பாயிண்டோடு சேராது. அதன் முதல் கம்பிச் சுருளின் மின்தடை பெரும்பாலும் அரை ஓம்கூட இருக்காது. 6 வோல்ட் கொடுத்தால் 10 ஆம்பியருக்கு மேல் இழுத்துப் பாயிண்டைப் பொசுக்கிவிடும். மல்டிமீட்டரால் அளந்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

எந்தக் காயிலானாலும், எஞ்சின் நின்றபின் பாயிண்ட் மூடிய நிலையில் இருந்தால் மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கும். காயில் சுடும், பேட்டரி காலியாகும். கண்டிப்பாக ஒரு சுவிட்ச் வையுங்கள்.

சி.டி.ஐ. பெட்டி புதுசு, பேட்டரி ஃபுல் சார்ஜ். பொறியே இல்லை.

ப்ரொப் ஹப்பில் (ப்ரொப்பெல்லர் மாட்டும் நடுப்பகுதி) இருக்கும் குட்டிக் காந்தத்தைப் பாருங்கள். அந்தக் காந்தம் கடப்பதை உணர்ந்து பெட்டிக்குச் சொல்லும் ஹால் சென்சார், காந்தத்தின் ஒரு முனைக்குத்தான் அசையும். கழன்று விழுந்த காந்தத்தைத் திருப்பி ஒட்டிவிட்டால் எல்லாம் சரியாக இருந்தும் பொறி வராது. பிளக்கை எர்த் செய்துவிட்டு, வேறொரு காந்தத்தைக் கையில் பிடித்து சென்சார் முன்னால் ஆட்டுங்கள். ஒரு பக்கம் காட்டினால் 'டிக்' என்று பொறி வரும், மறுபக்கம் வராது. இரண்டு பக்கத்துக்கும் வரவில்லை என்றால் சென்சார் வயர், சுவிட்ச், பேட்டரி இணைப்பு. பேட்டரி வோல்ட்டைச் சும்மா இருக்கும்போது அளக்காமல் பெட்டி இயங்கும்போது அளந்து பாருங்கள்.

பிளக் எர்த் ஆகாமல் சி.டி.ஐ.-யை ஒருபோதும் சுடவிடாதீர்கள். வெளியே போக வழியில்லாத மின்னழுத்தம் பெட்டிக்குள்ளேயே காப்பை உடைத்துக்கொண்டு வழி தேடும். 5 மில்லிமீட்டர் சோதனையை இதில் வேண்டாம் என்றது அதனால்தான்.

ஸ்டார்ட் பண்ணும்போது ப்ரொப் திருப்பி அடிக்குது. விரல் போயிருக்கும்.

ஸ்பார்க் எஞ்சினில் பொறி சீக்கிரம் வருகிறது. பிஸ்டன் உச்சிக்கு ஏறும் முன்பே வெடித்துத் திருப்பித் தள்ளுகிறது. பாயிண்டுக்கு அட்வான்ஸ் கைப்பிடி (பொறி வரும் நேரத்தை மாற்றுவது) இருந்தால் ஸ்டார்ட் செய்யும்போது ரிடார்ட் (தாமதம்) பக்கம் தள்ளி வையுங்கள். பாயிண்ட் இடைவெளியைக் கூட்டினாலும் டைமிங் முன்னால் போகும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. கேப் சரிசெய்த மறுநாள் இந்தக் கேள்வி வருவது அதனால்தான்.

சி.டி.ஐ. பெட்டிகள் வேகத்தில் உச்சிக்கு 28, 30 டிகிரி முன்னால் சுடும்படியும், மெதுவாகச் சுற்றும்போது தாமதிக்கும்படியும் அமைந்தவை. திருப்பி அடித்தால் காந்தமோ சென்சாரோ இடம் நகர்ந்திருக்கும். க்ளோ எஞ்சினில் டைமிங்குக்கென்று தனி அமைப்பு கிடையாது. அதிகச் சொட்டு விட்டாலோ பிளக் மிக 'ஹாட்' ஆனாலோ திருப்பி அடிக்கும், சில சமயம் தலைகீழாகவே சுற்ற ஆரம்பித்துவிடும். எதுவானாலும் விரலால் சுற்றாதீர்கள், ரப்பர் உறை போட்ட கட்டை பயன்படுத்துங்கள்.

அஞ்சு நிமிஷம் ஜோராப் போகுது, அப்புறம் நிக்குது. ஆறினதும் மறுபடி ஓடுது.

சூட்டில் படுக்கும் பொருள் மூன்று: காயில், கண்டன்சர், ஹால் சென்சார். நின்ற அந்த நிமிஷமே, ஆறவிடாமல், பொறி சோதனை செய்ய வேண்டும். டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் எல்லாம் நல்லபடியாகத்தான் இருக்கும். எஞ்சின் ஓடாமலே சோதிக்க, காயிலை ஹேர் டிரையரால் சூடாக்கிப் பொறி குறைகிறதா என்று பார்க்கலாம்.

சூட்டிலும் பொறி சரியாக வந்தால், டேங்கின் காற்றுத் துளை அடைத்திருக்கிறதா பாருங்கள். எரிபொருள் இறங்க இறங்க உள்ளே வெற்றிடம் உண்டாகி வரத்து நிற்கும். ஆறும் நேரத்தில் காற்று மெல்ல உள்ளே போய்விடும். அறிகுறி அச்சாக ஒன்றுதான், அதனால்தான் நல்ல காயில்கள் பல குப்பைக்குப் போகின்றன.

எஞ்சின் ஓடும்போது மட்டும் சர்வோ (விமானத்தின் சுக்கான்களை அசைக்கும் குட்டி மோட்டார்) துடிக்குது.

ஒவ்வொரு பொறியும் ஒரு ரேடியோ அலைபரப்பு. பிளக் மூடியின் உலோக வலை பிளக்கின் அறுகோணத்தைச் சுற்றிலும் இறுக்கமாகப் பிடிக்க வேண்டும். ஆடினால் உள்ளிருக்கும் பிடிவளையத்தைப் பாருங்கள். பற்றவைப்புக்கும் ரிசீவருக்கும் தனித்தனி பேட்டரி வையுங்கள், இரண்டின் வயர்களையும் சேர்த்துக் கட்டாதீர்கள். துடிப்பு நிற்காமல் பறக்கவிட வேண்டாம்.

ஐடிலிங் சுத்தமா இருக்கு. ஃபுல் த்ராட்டில் கொடுத்தா மட்டும் மிஸ் ஆகுது. எல்லாத்தையும் மாத்திட்டேன்.

த்ராட்டில் திறந்தால் சிலிண்டருக்குள் அதிகக் காற்று ஏறும், அழுத்தம் கூடும், பொறிக்கு வேண்டிய வோல்ட்டும் கூடும். மாயம் என்று ஒருவர் கேட்டாரே, அதே சங்கதிதான். ஐடிலிங்கில் சமாளிக்கும் அரைகுறைப் பொறி இங்கே தோற்கிறது. எதையும் வாங்குவதற்கு முன் பிளக் இடைவெளியை 0.1 மில்லிமீட்டர் குறைத்துப் பாருங்கள். மிஸ் குறைந்தால் வோல்ட்தான் போதவில்லை, காயில், பேட்டரி பக்கம் தேடுங்கள். பிளக் பீங்கானில் எண்ணெய்க் கரி படிந்து மின்சாரம் அதன்மேல் வழிந்து போவதும் இதே அறிகுறியைத்தான் தரும்.

இடைவெளி குறைத்தும் துளிகூட மாற்றம் இல்லை என்றால், பாயிண்ட் எஞ்சினில் சுருள்வில் தளர்ந்திருக்கலாம். வேகத்தில் பாயிண்டின் கை, அதைத் திறந்து மூடும் கேமைத் தொடராமல் துள்ளும், மூடியிருக்க வேண்டிய நேரத்தில் திறந்திருக்கும். வில்லைக் கொஞ்சம் வளைத்து இறுக்கம் கூட்டி ஒருமுறை ஓட்டிப் பாருங்கள், உடனே தெரிந்துவிடும். அதற்கும் அசையவில்லை என்றால் நெருப்பை விட்டுவிட்டு முதல் கேள்விக்குத் திரும்புங்கள். இப்போது நீடிலைத் தொடலாம். வேகத்தில் மட்டும் லீனாகும் எஞ்சினும் இப்படித்தான் மிஸ் ஆகும், ரிச் பக்கம் சிறிது திறந்ததும் சீராகிவிடும்.